பிள்ளைகளுக்கு ராக்: பாட்டில் அவர்களுக்கு இடம் எங்கே?

ஒரு காலத்தில் இசைக்குழுவில் கிடார் வாசித்தவர்கள், வீட்டில் பிள்ளை பிறந்ததும் அதற்காகப் பாட்டு கட்டத் தொடங்குவது பல நாடுகளில் நடக்கிறது. அப்படி வரும் முதல் சில பாட்டுகளின் குறைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். சுருதி பெரியவர் தொண்டைக்கு ஏற்றதாக இருக்கும். முன்னிசை அரை நிமிடம் ஓடும். டிஸ்டார்ஷன் போட்டு ஒலியை முரடாக்கிய கிடாருக்கு அடியில் சொற்கள் புதைந்து கிடக்கும். சொல் காதில் விழுந்தாலும் நான்கு வயது வாய்க்கு அந்த வேகம் பிடிபடாது. பிள்ளை இரண்டு முறை குதித்துவிட்டுப் பொம்மையைத் தேடிப் போய்விடும். "இதுக்கு ராக் கேக்கற வயசு இன்னும் வரலை" என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவார்கள்.

கோளாறு ராக்கில் இல்லை. முரட்டு கிடார், இரண்டாம் நான்காம் அடிகளில் விழும் ஸ்னேர் டிரம், திரும்பத் திரும்ப வரும் ரிஃப் என்ற சிறு மெட்டுத் துண்டு ஆகிய மூன்றும் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிடித்துப்போகும். பாட்டுக்குள் பிள்ளை நுழைய வழி வைக்காததுதான் பிரச்சினை. சுருதி, வேகம், சொல், சத்தம் என்று எங்கே தொட்டாலும் கடைசியில் இந்த ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்.

இந்த வழியை முதலில் ஒழுங்காக வெட்டியவர்கள் ராக் ஆட்கள் அல்ல. சிகாகோவைச் சேர்ந்த பாடகி எல்லா ஜென்கின்ஸ் 1957-ல் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்து தந்த முதல் தொகுப்பே, அவர் ஒரு வரி பாடப் பிள்ளைகள் பதில் பாடும் முறையில் அமைந்தது. சிட்னியில் 1991-ல் தொடங்கிய தி விகிள்ஸ் குழுவில் அந்த மரபும் ராக்கும் ஒன்று சேர்ந்தன. அதன் ஆண்டனி ஃபீல்ட் தி காக்ரோச்சஸ் என்ற ராக் குழுவில் வாசித்தவர், மக்குவாரி பல்கலைக்கழகத்தில் மழலையர் கல்வியும் படித்தவர். 2000-த்தை ஒட்டி அமெரிக்காவில் இது ஓர் அலையாகவே எழுந்தது. டெல் ஃபியூகோஸ் குழுவின் டான் ஜேன்ஸ், மகள் பிறந்த பிறகு குடும்பங்களுக்கான இசைக்கு வந்தார், 2007-ல் சிறுவர் இசைக்கான கிராமி விருதும் வாங்கினார். தே மைட் பி ஜயன்ட்ஸ் 2002-ல் தங்கள் முதல் சிறுவர் தொகுப்பை வெளியிட்டார்கள். அதன் தலைப்பு 'நோ!'. பிள்ளைகளும் ராக்கும் எந்த இடத்தில் கைகுலுக்கிக்கொள்வார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. தி பிரசிடென்ட்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா குழுவின் கிரிஸ் பாலூ, 2009 முதல் காஸ்பர் பேபிபேன்ட்ஸ் என்ற பெயரில் மழலைகளுக்குப் பாடினார். அதே ஆண்டு பின்லாந்தில், டைனோசர் வேடம் போட்டுக்கொண்டு ஹெவி மெட்டல் வாசிக்கும் ஹெவிசாரஸ் குழுவின் முதல் தொகுப்பு வந்தது. இவர்கள் யாரும் ராக்கை மென்று குழைத்து ஊட்டவில்லை. கிடார் கிடாராகத்தான் ஒலித்தது.

சுருதியும் தொண்டையும்

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சிரமமில்லாமல் வரும் சுரங்கள், பியானோவின் நடு சி-க்கு அடுத்த டி முதல் அதற்கு மேலுள்ள ஏ வரைதான். நம் கணக்கில் சொன்னால் இரண்டு கட்டை சுருதியில் ஸ முதல் ப வரை. ஆறேழு வயதில் இது மேலும் கீழும் ஓரிரு சுரம் விரியும். பாட்டு இந்த வேலியைத் தாண்டினால் பிள்ளை பாடுவதை நிறுத்தாது, கத்தத் தொடங்கும். கத்துவதைப் பெற்றோர் உற்சாகம் என்று எண்ணிக்கொள்வார்கள். சுரம் தப்பிவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

இதில் ராக் கிடாருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. கிடாரின் தடித்த கம்பி இ சுரத்தில் இருப்பதால் கனமான ரிஃப்கள் இயல்பாகவே இ-யில், அதாவது மூன்று கட்டையில், வந்து உட்காரும். அதே மெட்டில் ப, நடு சி-க்கு மேலுள்ள பி ஆகிவிடும். மூன்று வயதுக்கு அது எட்டாக்கனி. தீர்வு சுலபம். தடித்த கம்பியை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கி டி-க்குக் கொண்டுவாருங்கள். ராக் ஆட்கள் 'டிராப் டி' என்பார்கள். ரிஃப் முன்னைவிடக் கனமாகும், கீழ் மூன்று கம்பிகளில் ஒரே விரலை வைத்து, ஸ, ப மட்டும் ஒலிக்கும் பவர் கார்டு பிடிக்கலாம், பிள்ளையின் தொண்டைக்கும் சரியான இடம் கிடைக்கும். இறக்கிய கம்பி தளர்ந்து 'டொய்ங்' என்று ஆடினால், அந்த ஒரு கம்பியை மட்டும் ஒரு படி தடிப்பானதாக மாற்றினால் போதும்.

அப்பா பாடும்போது இன்னொரு சிக்கல். ஆண் குரல் பிள்ளையின் குரலைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். பெரியவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் ஸ்தாயிக்கு மாற்றிப் பாடிக்கொள்வார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பலருக்கு அது வராது. அவர்கள் அப்பாவின் சுரத்துக்கே இறங்கப் பார்த்து, தொண்டைக்குள் உறுமுவார்கள். பிள்ளை திருப்பிப் பாட வேண்டிய வரியை மட்டுமாவது அம்மாவோ வேறொரு பிள்ளையோ சரியான ஸ்தாயியில் முதலில் பாடிக் காட்ட வேண்டும். அதற்கு ஆளில்லாத வீட்டில் அப்பா பொய்க்குரலில் அந்த ஒரு வரியை மட்டும் பாடலாம். பிள்ளைகளுக்கு அது சிரிப்பாகவும் இருக்கும்.

வேகமும் இடைவெளியும்

பிள்ளைகள் தானாகத் தாளம் தட்டும் வேகம் பெரியவர்களுடையதைவிட அதிகம். பெரியவர்கள் நிமிடத்துக்கு 100 அடியை ஒட்டித் தட்டினால், நான்கைந்து வயதினர் அதைவிடக் கணிசமாக வேகமாகத் தட்டுவார்கள். கால் குட்டையாக இருப்பதால் அவர்கள் நடையும் குதிப்பும்கூட வேகம்தான். ஆகவே துள்ளல் பாட்டுக்கு 120 முதல் 140 வரை சரியாக வரும். 90-ல் வைத்த கனமான ராக், பெரியவர் தலையாட்டுவதற்கு ஆகும். குதித்துவிட்டு அடுத்த அடிக்காகக் காற்றில் காத்திருக்கப் பிள்ளைகளால் முடியாது.

தாளம் வேகமாக இருக்கலாம். சொல் வேகமாக இருக்கக் கூடாது. பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 132 வேகத்தில் அடிக்கு ஓர் அசை என்றால் நொடிக்கு 2.2 அசை வரும். பிள்ளை நிதானமாகப் பாடலாம். அரை அடிக்கு ஓர் அசை என்றால் நொடிக்கு 4.4 ஆகிவிடும். மூன்று வயதுப் பிள்ளை பேசும் வேகத்தையே அது தாண்டிவிடும். முதல் நாலு சொல்லைப் பிடித்து, மிச்சத்தை முணுமுணுத்து, கடைசிச் சொல்லை மட்டும் ஓங்கிச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

ஒரு சின்ன மாதிரியைப் பிரித்துப் பார்ப்போம். காணாமல் போன பாட்டில் மூடியைத் தேடும் பாட்டு. முதல் ஆவர்த்தத்தில் "மேசை மேலே", நான்கு அடிக்கு நான்கு அசை. இரண்டாவதில் "பாத்தேன்", இரண்டு அடி, பிறகு இரண்டு அடி மௌனம். மூன்றாவதில் பிள்ளைகள் "இல்லே!", மறுபடி இரண்டு அடி வெற்றிடம். நான்காவதில் திரும்பவும் "இல்லே!". அடுத்த சுற்றில் 'மேசை மேலே' போய் 'கட்டில் கீழே' வரும், அப்புறம் 'பைக்கு உள்ளே'. ஒரு சுற்றுக்கு மாறுவது ஒரே இடம்தான். மூன்றாம் சுற்றில் பிள்ளைகள் தாங்களே இடம் சொல்லத் தொடங்குவார்கள், எழுதி வைத்த நான்காம் சுற்றுக்கு வேலையே இருக்காது.

"பாத்தேன்" என்பதற்குப் பின் வரும் அந்த இரண்டு அடி மௌனம் 132 வேகத்தில் சுமார் 0.9 நொடி. வாசிக்கும் பெரியவருக்கு அது ஓட்டை மாதிரி தெரியும். கை சும்மா இராமல் டிரம்மில் ஓர் இடைநிரப்பு அடியோ கிடாரில் ஒரு சிறு துணுக்கோ போட்டு அடைத்துவிடுவார். அடைத்தால் பாட்டு செத்தது. பிள்ளை மூச்சிழுத்து, தன் முறை வருகிறது என்று உணர்ந்து, வாயைத் திறப்பது அந்த 0.9 நொடிக்குள்தான். ஒத்திகையில் இந்த இடத்தில் எல்லோரும் கையைத் தொடையில் வைத்துக்கொள்வது என்று சட்டமே போட்டுக்கொள்ளலாம்.

"இல்லே" என்ற பதில் ப-வில் தொடங்கி க-வுக்கு இறங்கட்டும். இந்தச் சிறு இறக்கம் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடும்போதும் சீண்டும்போதும் பல நாடுகளில் தானாக வருவது. கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. உள்ளடக்கமும் கவனிக்கத்தக்கது. 'இல்லே', 'மாட்டேன்', 'எனக்கு' ஆகியவற்றை ஓங்கிச் சொல்லப் பிள்ளைகளுக்கு வீட்டில் அனுமதி குறைவு. ராக் அந்த அனுமதியைத் தரும் இசை. அதை வைத்துக்கொண்டு 'பல் தேய்ப்போம், கை கழுவுவோம்' என்று உபதேசம் பாடுவது வீண். ஆணை ஆணையாகத்தான் கேட்கும், கிடார் எவ்வளவு முரடாக இருந்தாலும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீண்ட சுரத்தில் குறிலை உட்கார வைத்தால் சொல்லே மாறிவிடும். 'விடு' நீண்டால் 'வீடு', 'படி' நீண்டால் 'பாடி'. பெரியவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். குறில் நெடில் வேற்றுமையை இப்போதுதான் காதில் பதித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, கேட்டதையே எடுத்துக்கொள்ளும். நீளும் சுரத்துக்கு நெடிலையோ, 'இல்', 'கட்' போல ஒற்று மூடிய அசையையோ வையுங்கள். ஒற்று மூடிய அசையைச் சுரத்தின் நடுவிலேயே வெட்டி நிறுத்தலாம், பங்க் வாசிப்புக்கு அது நன்றாகப் பொருந்தும். ர, ற, ழ ஆகியவை பிள்ளை வாய்க்குத் தாமதமாகத்தான் வரும், எனவே அவை தலைவர் பாடும் வரியில் இருக்கட்டும். பிள்ளைகள் பாடும் வரிக்கு ம, ப, ந, த, ல போதும்.

கைதட்டலைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் நான்காம் அடியில் தட்டு என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அந்த வயதில் வெளித்தாளத்தோடு நிலையாக ஒத்துப்போவதே இன்னும் கைவந்திருக்காது. எல்லா அடியிலும் காலை உதைக்கச் சொன்னால் உதைக்கும். ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும் விழுந்துகொண்டே இருக்கட்டும், உடல் தானாக அதைப் பழகிக்கொள்ளும். நிறுத்தி நிறுத்தித் தொடங்கும் 'அசையாதே' பாட்டுகளில் நிறுத்தத்தின் நீளத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒருமுறை இரண்டு நொடி, அடுத்த முறை ஐந்து. ஒரே அளவாக நிறுத்தினால் இரண்டாம் முறையே எண்ணிவிடுவார்கள்.

மொத்த நீளம் ஒன்றரை முதல் இரண்டரை நிமிடம். முன்னிசை நான்கு ஆவர்த்தத்துக்கு மேல் வேண்டாம், 120 வேகத்தில் அதுவே எட்டு நொடி. கிடார் தனி ஆவர்த்தனம் வேண்டுமென்றால் எட்டு ஆவர்த்தம் வைத்துக்கொண்டு, அதற்குப் பிள்ளைகள் செய்ய ஒரு வேலை கொடுங்கள். காற்றுக் கிடார் வாசிப்பது போதும்.

சத்தம் என்னும் கணக்கு

ராக் என்றால் சத்தம் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை. டிஸ்டார்ஷன் கிடார் அலையின் முகட்டை வெட்டித் தட்டையாக்குகிறது. வெட்டிய இடத்தில் புதிய மேல்சுரங்கள் முளைக்கின்றன. பெரிய ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையை முட்டும்போது வரும் ஒலியும் அதுதான் என்பதால், மீட்டரில் அளவு ஏறாவிட்டாலும் காது 'பலத்த சத்தம்' என்றே எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு வாசிப்பவர்களுக்கு இது பெரிய வரம். டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெய்ன் குமிழை ஏற்றி, கடைசி வால்யூமை இறக்கி, வரவேற்பறைப் பேச்சைவிடச் சற்றே கூடுதலான அளவில் முழு முரட்டு ஒலியைக் கொண்டுவரலாம். ஐந்து வாட் ஆம்ப்ளிஃபையரே அதிகம். டிஸ்டார்ஷனில் முழு மேஜர் கார்டு பிடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று முட்டிக் குழம்பும். ஸ, ப மட்டும் உள்ள பவர் கார்டு தெளிவாக நிற்பதற்கு அதுவே காரணம்.

இறக்க முடியாதது டிரம்ஸ்தான். சின்ன அறையில் மரக்குச்சியால் அடித்தால் அருகில் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டல் தரநிலை, பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவிகளில் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபல் என்றும் வரம்பு வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 84-ல் ஐந்து மணி நேரம், 90-ல் ஒன்றேகால் மணி, 93-ல் 37 நிமிடம். அதாவது 93 டெசிபலில் நாற்பது நிமிட நிகழ்ச்சி ஒன்று, அந்த வாரம் முழுவதற்குமான பங்கையும் தின்றுவிடும். பிரான்ஸ் 2017-ல் கொண்டுவந்த ஆணை, நிகழ்ச்சிகளுக்கு 15 நிமிடச் சராசரியாக 102 டெசிபலை உச்சமாக வைத்தது, ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே நடத்துபவற்றுக்கு 94. அது உச்சவரம்பு, நாமே போய் எட்டிப் பிடிக்க வேண்டிய அளவல்ல. முன்வரிசையில் 80 முதல் 85-க்குள் நிறுத்துவது நடைமுறையில் முடிகிற காரியம். செல்போன் செயலி துல்லியமாக அளக்காது, ஆனால் 82-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். அளக்கும்போது போனைப் பிள்ளையின் தலை உயரத்தில் பிடிக்க வேண்டும். ஒலிபெருக்கி பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கும் என்பதால், நின்றபடி அளக்கும் பெரியவருக்குக் குறைவான எண்ணே கிடைக்கும்.

டிரம்ஸை அடக்க வழிகள் உண்டு. மரக்குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட் அல்லது பிரஷ், ஸ்னேர் தோல் மேல் ஒரு மெல்லிய துணி, கிக் டிரம்முக்குள் தலையணை. இல்லையென்றால் கஹோன் பெட்டி ஒன்றே போதும், அதில் கிக்கும் ஸ்னேரும் இரண்டும் கிடைக்கும். சிம்பலை மட்டும் கூடுமானவரை தவிர்க்கலாம். சின்ன அறையில் முதலில் காதைக் குத்துவது அதுதான். பிள்ளைகளுக்குக் காதை மூடும் கவசமே நல்லது. நுரைச் செருகிகள் காதுத் துளைக்குச் சரியாகப் பொருந்தாது, கழன்றால் நேரே வாய்க்குப் போகும்.

பதிவும் கலவையும்

பிள்ளைகளுக்கான ராக் பதிவில் குரல் வழக்கத்தைவிட இரண்டு மூன்று டெசிபல் முன்னே இருக்க வேண்டும். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் கிடாரும் அதே இடத்தில்தான் கடை விரிக்கிறது. குரலை மேலும் மேலும் ஏற்றுவதைவிட, கிடாரில் 2,500-ஐ ஒட்டி மூன்று நான்கு டெசிபல் குடைந்து எடுத்தால் குரல் தானாக முன்னே வரும். இரண்டு கிடார் தடங்களை இடமும் வலமுமாக ஒதுக்கினால் நடுவில் குரலுக்குத் தனி இருக்கை. ஆனால் வீட்டில் இந்தப் பாட்டு ஓடப்போவது பெரும்பாலும் போனிலோ உள்ளங்கை அளவு ஸ்பீக்கரிலோதான். அவற்றில் இடமும் இல்லை வலமும் இல்லை. கலவையைக் கடைசியில் மோனோவில் ஒருமுறை கேட்டாக வேண்டும். அந்தச் சின்ன ஸ்பீக்கர்களில் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் கேட்காது. பேஸ் கிடாரைப் பிக்கால் வாசித்து லேசாக ஓவர்டிரைவ் (மென்மையான டிஸ்டார்ஷன்) கொடுத்தால் மேல்சுரங்கள் வழியாக அது இருப்பது தெரியும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்துவிடுவதால், நசுக்கி நசுக்கிச் சத்தம் ஏற்றி எந்த லாபமும் இல்லை.

பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்வதுதான் கலை. ஹெட்போன் மாட்டிவிட்டால் பாதிப் பேர் பாடுவதை விட்டுவிட்டு அதைத் தடவிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் தங்கள் குரல் கேட்காமல் கத்துவார்கள். ஹெட்போன் இல்லாமலே செய்யலாம். கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அந்தப் பின்பக்கத்தில் ஒரு சிறு ஸ்பீக்கரை வைத்து, டிரம்ஸும் வழிகாட்டிக் குரலும் மட்டும் உள்ள கலவையை மெல்ல ஓட விடுங்கள். கிடார் வேண்டாம், கசிந்து உள்ளே வந்தால் பிறகு பிரிக்க முடியாது. முன்பக்கம் மூன்று அல்லது நான்கு பிள்ளைகள், மைக்கிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, அரைவட்டமாக. இன்னும் பக்கத்தில் நிறுத்தினால் ஓங்கிய குரல் உள்ள ஒரு பிள்ளை மட்டுமே பதிவாகும். காலணியைக் கழற்றச் சொல்லுங்கள். தரையில் பாய் விரியுங்கள். சைகையோடு பாடினால்தான் நன்றாகப் பாடுவார்கள், எனவே சட்டை உரசும் சத்தம் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

முழுப் பாட்டைப் பாட வைக்காதீர்கள். ஒரு வரி, நான்கு முறை, அடுத்த வரி. இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பின் வருவது எதுவும் உபயோகப்படாது. நான்கு பிள்ளைகளை மூன்று முறை பதிவு செய்து அடுக்கினால் பன்னிரண்டு பேர் பாடுவது போல நிற்கும், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி நிறுத்துவது முக்கியம். ஆட்டோ-டியூன் போட்டுச் சுரத்தைத் திருத்தினால் கூட்டம் ஒரே பிள்ளையின் பிரதி போல ஆகிவிடும். சுரம் சற்று இப்படி அப்படி இருக்கும் குரல்கள் சேர்வதால்தான் 'பிள்ளைகள் கூட்டம்' என்று காது உணர்கிறது. நேரம் பிந்திய குரலை மட்டும் நகர்த்திச் சரிசெய்தால் போதும்.

மேடையில்

காலை பத்து, பதினொன்றுதான் நேரம். மதியத் தூக்கத்தை ஒட்டி வைத்த நிகழ்ச்சியை எந்த ரிஃப்பாலும் காப்பாற்ற முடியாது. 35 முதல் 45 நிமிடம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிடார் சுருதி சேர்க்கும் இருபது நொடியில் கூட்டம் கலைந்துவிடும். சத்தமில்லாமல் சுருதி பார்க்கும் பெடல் கட்டாயம், டிராப் டி-க்கு இரண்டாவது கிடார் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று துள்ளல் பாட்டுக்கு ஒரு 'அசையாதே' பாட்டு, அதன்பின் உட்கார்ந்து பாடும் ஒன்று என்ற வரிசை நன்றாக ஓடும். வழக்கமான ராக் நிகழ்ச்சி உச்சத்தில் முடியும். இங்கே கடைசிப் பாட்டு இறங்கு முகமாக இருக்க வேண்டும். உச்சத்தில் விட்டுவிட்டால், அந்தப் பிள்ளையைச் செருப்பு போட வைத்து வாசல் தாண்டிக் கூட்டிப்போவது பெற்றோர் தலையில் விழும். அடுத்த நிகழ்ச்சிக்கு அவர்கள் வர மாட்டார்கள்.

மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே தரையில் ஒரு வண்ண நாடா ஒட்டி, 'இந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் முதலை' என்று ஒருமுறை சொன்னால் பெரும்பாலும் வேலை செய்யும். கேபிள் எல்லாம் துணி நாடாவால் தரையோடு ஒட்டப்பட்டிருக்க வேண்டும், சும்மா சுருட்டி ஓரம் தள்ளினால் போதாது. சோப்புக் குமிழி இயந்திரம் அழகாக இருக்கும், ஐந்தே நிமிடத்தில் தரை வழுக்கும், குதிக்கும் கூட்டத்துக்கு அது ஆகாது. கையில் கொடுக்கும் ஷேக்கர்களில் அளவு பார்க்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்பு விதியின் சிறுபொருள் சோதனை உருளை 31.7 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கைக்குப் போகக் கூடாது. வீட்டில் அரிசியும் பயறும் போட்டுச் செய்த ஷேக்கர் உடைந்தால் உள்ளே இருப்பதும் அதே கணக்குத்தான்.

வெளியிட்ட பிறகு

இணையத்தில் சிறுவர் இசைக்குத் தனி விதிகள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில் 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. பிள்ளைகளின் தரவைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதன் விளைவாக 2020 ஜனவரி முதல் 'பிள்ளைகளுக்கானது' என்று குறிக்கப்பட்ட காணொளிகளில் ஆளுக்கேற்ற விளம்பரம் கிடையாது, கருத்துப் பெட்டியும் கிடையாது, புதிய பாட்டு வந்ததென்ற அறிவிப்பும் சந்தாதாரருக்குப் போகாது. விளம்பர வருவாய் குறைவதைவிட, கேட்கும் குடும்பங்களோடு பேசும் வாசல் அடைபடுவதுதான் சிறு குழுக்களுக்குப் பெரிய இழப்பு. பெற்றோரின் மின்னஞ்சல் பட்டியலைக் குழுவே தனியாக வைத்துக்கொள்வது அதனால்தான் அவசியமாகிறது. பழைய நாட்டுப்புற மெட்டுக்கு உரிமை கேட்க யாரும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதற்கு இன்னொருவர் செய்த ஏற்பாட்டுக்கும் பதிவுக்கும் உரிமை உண்டு, யாருடைய வடிவத்தைக் கேட்டுப் படித்தோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இசையின் கேட்போர் கூட்டம் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாறிவிடுகிறது. ஏழு வயதில் பிள்ளை 'குட்டிப் பசங்க பாட்டு' என்று ஒதுக்கிவிடும், அதே பாட்டை அப்போதுதான் பிறந்த இன்னொரு பிள்ளை முதல்முறையாகக் கேட்கும். நல்ல பழைய பாட்டு தேய்வதில்லை, மேடையில் எப்போதும் புதிது. எதிர்ப்பக்கம், பெற்றோராக எழுதுபவர்களுக்குக் காலம் குறைவு. மூன்று வயது மகளுக்காகத் தொடங்கிய பன்னிரண்டு பாட்டுத் தொகுப்பை ஓய்ந்த நேரங்களில் பதிவு செய்து, கலந்து, படம் வரைந்து வெளியிடும்போது அவளுக்கு ஆறு ஆகியிருக்கும். பாட்டைச் சோதித்துப் பார்க்க வீட்டில் ஆள் இருக்காது. நான்கு பாட்டாக, பாடிப் பார்த்த சூட்டோடு வெளியிடுவது இதற்கு ஒரு வழி. மழலையர் வகுப்பில் வாரம் ஒருமுறை போய் வாசிப்பது இன்னொன்று. அங்கே எப்போதும் யாருக்காவது நான்கு வயது நடந்துகொண்டிருக்கும்.